ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிக்கலா? இரட்டைப் பெயரடைகளைப் பிரித்தறியும் வழி

ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து பிறந்து, ஒன்று ‘இக்’ என்றும் மற்றது ‘இக்கல்’ என்றும் முடியும் ஜோடிகள் நிறைய உண்டு. ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல். எகனாமிக், எகனாமிக்கல். கிளாசிக், கிளாசிக்கல். எலக்ட்ரிக், எலக்ட்ரிக்கல். அகராதியைப் புரட்டினால் பல சமயம் இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல்தான் கிடைக்கும். அப்படியானால் கைக்கு வந்ததை எழுதிவிடலாமா? சில ஜோடிகளில் எழுதலாம், ஒன்றும் ஆகாது. வேறு சிலவற்றில் சொல்ல வந்ததே மாறிப்போகும். ‘எகனாமிக் பாலிசி’ என்றால் நாட்டின் பொருளாதாரக் கொள்கை. ‘எகனாமிக்கல் பாலிசி’ என்று எழுதினால், காசை மிச்சப்படுத்தும் ஏதோ ஒரு திட்டம் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

ஆங்கிலத்தில் கடிதமோ கட்டுரையோ அறிக்கையோ எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ‘இக் என்றால் இப்படி, இக்கல் என்றால் அப்படி’ என்று எல்லா ஜோடிக்கும் பொருந்தும் ஒரே விதியைத் தேடாதீர்கள். அப்படி ஒன்று கிடையாது. ஆனால் எந்த ஜோடியையும் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. அதற்குத் தமிழே துணை நிற்கும்.

அதற்குமுன், ஏன் இரண்டு வடிவம் என்று தெரிந்துகொள்வது நல்லது. பெயர்ச்சொல்லிலிருந்து பெயரடை ஆக்க கிரேக்கத்தில் ‘இகோஸ்’ என்ற விகுதி இருந்தது. லத்தீன் அதை ‘இகுஸ்’ என்று எடுத்துக்கொண்டது. பிற்கால லத்தீனில் அதன்மேல் இன்னொரு விகுதியையும் ஏற்றி ‘இகாலிஸ்’ என்றும் எழுதினார்கள். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிவைத்துக்கொண்டது. வெகுகாலம் இரண்டும் ஒரே பொருளில்தான் புழங்கின. ஹாம்லெட் நாடகம் 1603இல் முதன்முதலாக அச்சானபோது அதன் தலைப்பில் இருந்த சொல் ‘ட்ராஜிக்கல்’. இன்று அந்த இடத்தில் எல்லோரும் ‘ட்ராஜிக்’ என்றுதான் எழுதுவார்கள். இப்படிச் சில ஜோடிகளில் ஒரு வடிவம் உதிர்ந்துபோனது. சிலவற்றில் இரண்டும் நின்று, வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. யாரும் கூடிப் பேசிப் பிரித்த பங்கு இல்லை, அதனால்தான் ஜோடிக்கு ஜோடி அது மாறுகிறது.

முதலில், ஜோடி என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால், இரண்டு வடிவமும் வழக்கில் உள்ளனவா என்பதுதான் முதல் கேள்வி. பேசிக், டிராஸ்டிக், டொமஸ்டிக், பப்ளிக், ரொமான்டிக், சயின்டிஃபிக் ஆகியவற்றுக்கு ‘இக்கல்’ வடிவம் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. ‘பேசிக்கல்’ என்று எழுதினால் பிழைதான். ஆர்டிஸ்டிக், ரியலிஸ்டிக், ஆப்டிமிஸ்டிக் போல ‘இஸ்டிக்’ என்று முடிபவையும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். புள்ளியியல் சார்ந்த ‘ஸ்டாட்டிஸ்டிக்கல்’ போன்ற சிலவே விலக்கு.

எதிர்ப்பக்கத்தில் மெடிக்கல், டிபிக்கல், பிராக்டிக்கல், வெர்டிக்கல், ஐடென்டிக்கல். இவற்றிலிருந்து ‘அல்’லை வெட்டினால் பெயரடை ஏதும் மிஞ்சாது. பயாலஜி, சைக்காலஜி, ஜியாலஜி போல ‘லாஜி’ என்று முடியும் துறைப்பெயர் எதுவானாலும் ‘லாஜிக்கல்’ என்று முடித்துவிடுங்கள், எங்கும் செல்லும். அமெரிக்க நிலவியலாளர்கள் ‘ஜியாலஜிக் டைம்’ என்று குட்டையாக எழுதுவதுண்டு. ஆனால் 1879இல் தொடங்கிய அவர்களுடைய நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் பெயரிலேயே ‘ஜியாலஜிக்கல் சர்வே’ என்றுதான் இருக்கிறது.

‘இக்’ வடிவம் பெயர்ச்சொல்லாக இருந்தால்

மியூசிக், லாஜிக், டாப்பிக், கிரிட்டிக், மெக்கானிக், கிளினிக். இவையெல்லாம் முதலில் பெயர்ச்சொற்கள். இங்கே குழப்பம் குறைவு: பெயரடை வேண்டுமென்றால் மியூசிக்கல், லாஜிக்கல், மெக்கானிக்கல் என்று போக வேண்டியதுதான். ஆனாலும் புதிதாக எழுதுபவர்கள் அதிகம் இடறுவது இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் இன்னொரு பெயர்ச்சொல்லை அப்படியே வைக்கலாம். இசை கற்பிப்பவர் ‘மியூசிக் டீச்சர்’. ‘மியூசிக்கல் டீச்சர்’ என்றால் இசைஞானம் உள்ள ஆசிரியர் என்று ஆகிவிடும், அவர் கணக்குப் பாடம்கூட எடுப்பவராக இருக்கலாம். அதேபோல ‘ஃபிசிக்ஸ் ப்ராப்ளம்’ என்பது இயற்பியல் கணக்கு, ‘ஃபிசிக்கல் ப்ராப்ளம்’ என்பது உடல்நலக் கோளாறு. வரலாறு கற்பிப்பவர் ‘ஹிஸ்டரி டீச்சர்’, பொருளியல் கற்பிப்பவர் ‘எகனாமிக்ஸ் டீச்சர்’. இந்த இடங்களில் ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல் இரண்டுமே தவறு. பாடம், துறை, பொருள் ஆகியவற்றின் பெயரைச் சொன்னாலே போதும் என்ற இடத்தில் பெயரடையைத் தேட வேண்டாம்.

டாப்பிக்கல் என்ற சொல் மட்டும் தாய்ச்சொல்லை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. செய்தித்தாளில் அது ‘இப்போது பேசப்படும், நடப்பு’ என்ற பொருளில் வரும். மருந்துச் சீட்டில் வந்தால் தோல்மேல் பூச வேண்டியது என்று பொருள். இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘மிகவும்’ சோதனை

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பெயரடைகளில் இரண்டு விதம் உண்டு. ஒன்று தன்மையைச் சொல்லும்: சிக்கனமான, வேடிக்கையான, சிறப்புமிக்க. மற்றது வகையைச் சொல்லும்: பொருளாதார, வரலாற்று, மின். முதல் விதத்துக்கு முன்னால் ‘மிகவும்’ என்று போடலாம். ‘மிகவும் சிக்கனமான இயந்திரம்’ சரியாக இருக்கிறது. இரண்டாவது விதத்துக்கு முன்னால் போட்டால் நாக்கே தடுத்துவிடும். ‘மிகவும் பொருளாதாரக் கொள்கை’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கொள்கை பொருளாதாரம் சார்ந்ததாக இருக்கும் அல்லது இருக்காது, அதில் கூடுதல் குறைவு கிடையாது.

தமிழில் இந்த வேறுபாடு சொல்லின் வடிவத்திலேயே தெரியும். தன்மை சொல்பவை ‘ஆன’, ‘மிக்க’ என்று முடியும். வகை சொல்பவை பெயர்ச்சொல்லாகவோ அதன் திரிந்த வடிவமாகவோ முன்னால் வந்து நிற்கும், அல்லது ‘சார்ந்த’ என்று சேரும். ஆங்கிலத்தில் ‘இக்’, ‘இக்கல்’ ஜோடி பிரிந்திருக்கும்போது பல சமயம் இந்தக் கோட்டில்தான் பிரிந்திருக்கிறது: ஒன்று தன்மை, மற்றது வகை. எந்த வடிவம் எந்தப் பக்கம் என்பதுதான் ஜோடிக்கு ஜோடி மாறும். ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தனியாக வைத்துப் பார்க்காமல், அதற்கு அடுத்து வரும் பெயர்ச்சொல்லையும் சேர்த்து முழுத் தொடராகத் தமிழில் சொல்லிப்பாருங்கள். பிறகு ‘மிகவும்’ ஏறுகிறதா என்று பாருங்கள். உங்களுக்குத் தேவை தன்மையா, வகையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பக்கத்துக்கு எந்த ஆங்கில வடிவம் என்பதை மட்டும் ஜோடிவாரியாகத் தெரிந்துகொண்டால் போதும்.

ஹிஸ்டாரிக், ஹிஸ்டாரிக்கல்

இந்த ஜோடியில் ‘இக்’ தன்மை, ‘இக்கல்’ வகை. ஹிஸ்டாரிக் என்றால் வரலாற்றுச் சிறப்புமிக்க. ஹிஸ்டாரிக்கல் என்றால் வரலாறு சார்ந்த, கடந்த காலத்துக்குரிய.

1969 ஜூலை 20 அன்று மனிதர் நிலவில் இறங்கியது ஹிஸ்டாரிக் நிகழ்வு. அது நடந்த அன்றே அப்படிச் சொல்லியிருக்க முடியும். இந்தச் சொல்லுக்குப் பழமை தேவையில்லை, முக்கியத்துவம்தான் தேவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு வணிகர் எழுதிவைத்த வரவுசெலவுக் கணக்கு ஹிஸ்டாரிக்கல் ஆவணம். அதனால் உலகம் எதுவும் மாறிவிடவில்லை, ஆனால் அந்தக் காலத்து விலைவாசியை ஆராய்பவருக்கு அது அரிய சான்று. 1215இல் இங்கிலாந்து அரசர் ஜான் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவை இரண்டு சொல்லாலும் குறிக்கலாம். பழைய ஆவணம் என்பதால் ஹிஸ்டாரிக்கல், அரசனும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்ற கருத்துக்கு அடித்தளமானது என்பதால் ஹிஸ்டாரிக். எதை எழுதுவது என்பது நீங்கள் எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நாவலை எடுத்துக்கொள்வோம். கடந்த காலத்தில் நடப்பதாக எழுதப்பட்ட கதை ‘ஹிஸ்டாரிக்கல் நாவல்’. அது போன வாரம் வெளிவந்ததாக இருந்தாலும் ஹிஸ்டாரிக்கல்தான். ‘ஹிஸ்டாரிக் நாவல்’ என்று எழுதினால், இலக்கிய வரலாற்றையே திருப்பிப்போட்ட நாவல் என்று பொருள்படும். தமிழில் ‘வரலாற்று நாவல்’ என்று சொல்கிறோமே தவிர, கடந்த காலக் கதை என்பதற்காக ‘வரலாற்றுச் சிறப்புமிக்க நாவல்’ என்று சொல்வதில்லை. சோதனை இங்கே தெளிவாக வேலை செய்கிறது.

ஹிஸ்டாரிக்கலுக்கு இன்னொரு அழகான பயன்பாடு உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ‘ஆர்தர் மன்னர் ஹிஸ்டாரிக்கல் ஃபிகரா’ என்று ஆங்கிலத்தில் கேட்டால், அவர் முக்கியமானவரா என்று கேட்கவில்லை. அப்படி ஒருவர் உண்மையில் வாழ்ந்தாரா, அல்லது கதைகளில் மட்டும் வருபவரா என்று கேட்கிறார்கள். ‘தி ஹிஸ்டாரிக்கல் புத்தா’ என்று அறிஞர்கள் எழுதும்போதும் இதே பொருள்தான்: பிற்காலக் கதைகள் வரைந்த உருவத்திலிருந்து பிரித்து, மண்ணில் நடமாடிய மனிதராக அவரைக் குறிக்கிறார்கள். இந்த இடத்தில் ஹிஸ்டாரிக் என்று போட்டால் கேள்வியே மாறிவிடும்.

எண்களைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு தொடர்களை மனப்பாடமாக வைத்துக்கொள்ளலாம். முந்தைய ஆண்டுகளின் விவரங்கள் ‘ஹிஸ்டாரிக்கல் டேட்டா’. இதுவரை இல்லாத உச்சம் ‘ஹிஸ்டாரிக் ஹை’, இதுவரை இல்லாத வீழ்ச்சி ‘ஹிஸ்டாரிக் லோ’. ஒரே அறிக்கையில் இரண்டும் அடுத்தடுத்து வரும்.

விலக்குகளும் உண்டு. பாதுகாக்கப்படும் பழைய கட்டடங்களை ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டாரிக் பில்டிங்’ என்பதே வழக்கம். இங்கிலாந்தில் அவற்றைக் கவனிக்கும் அரசு அமைப்புக்கு 2015 முதல் ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ என்றே பெயர். அந்தக் கட்டடங்கள் பாதுகாக்கத் தகுந்தவை என்ற மதிப்பீடு சொல்லுக்குள் இருப்பதால் இது பொருந்துகிறது. பிரிட்டிஷ் செய்திகளில் ‘ஹிஸ்டாரிக் அஃபென்ஸ்’ என்று வருவது சற்றுச் சங்கடமான வழக்கு. பல ஆண்டுகளுக்குமுன் நடந்து இப்போது விசாரணைக்கு வந்த குற்றத்தைச் சொல்கிறார்கள், அதில் சிறப்பு எதுவும் இல்லை. படிக்கும்போது புரிந்துகொள்ளுங்கள். எழுதும்போது அந்த வழக்கைப் பின்பற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

எகனாமிக், எகனாமிக்கல்

இங்கே பங்கு தலைகீழ். ‘இக்’ வகை, ‘இக்கல்’ தன்மை. ஹிஸ்டாரிக்கில் கற்றதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தவறு நிச்சயம். ஒரே விதியைத் தேட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொன்னதற்கு இதுதான் காரணம்.

எகனாமிக் என்றால் பொருளாதாரம் சார்ந்த. எகனாமிக் க்ரோத், எகனாமிக் கிரைசிஸ், எகனாமிக் பாலிசி. ஆல்ஃபிரட் நோபலின் நினைவாகச் சுவீடன் மத்திய வங்கி 1968இல் நிறுவி 1969 முதல் வழங்கிவரும் பரிசின் பெயரில் இருப்பதும் ‘எகனாமிக் சயின்சஸ்’. எகனாமிக்கல் என்றால் சிக்கனமான: குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓடும் கார், சிறிது சோப்பில் நிறையத் துணி துவைக்கும் இயந்திரம். காசுக்கு மட்டுமல்ல, சொல்லுக்கும் அசைவுக்கும்கூட இந்தப் பெயரடை வரும். வீண்சொல் இல்லாத நடையை ‘எகனாமிக்கல் ஸ்டைல்’ என்பார்கள்.

மூலத்தைப் பார்த்தால் இந்தப் பிரிவு நன்றாக விளங்கும். கிரேக்கத்தில் ‘ஒய்கோஸ்’ என்றால் வீடு, ‘ஒய்கொனொமியா’ என்றால் வீட்டு நிர்வாகம். இருப்பதை அளந்து செலவிடுவது அந்த நிர்வாகத்தின் பாதி. அந்தப் பழைய வீட்டுப்பொருள் எகனாமிக்கலில் தங்கிவிட்டது. நாடு என்ற பெரிய வீட்டின் நிர்வாகம் எகனாமிக் ஆகிவிட்டது.

எகனாமிக்கல் இடம்பெறும் ஒரு புகழ்பெற்ற தொடர் உண்டு. 1986இல் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலராக இருந்த ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒன்றில் சாட்சியம் அளித்தார். ஒரு கடிதம் தவறான எண்ணத்தைத் தருகிறதே என்ற கேள்வி எழுந்தபோது, உண்மையைச் சிக்கனமாகச் சொல்வது என்ற பொருளில் ‘எகனாமிக்கல் வித் தி ட்ரூத்’ என்றார். அதற்கு முன்பே இருந்த கருத்துதான் என்றாலும், அன்றிலிருந்து அது ஆங்கிலத்தில் மரபுத்தொடராகவே நிலைத்துவிட்டது: பொய் என்று நேரடியாகச் சொல்லாமல், முழு உண்மையை மறைத்ததைச் சுட்டுவது. ‘எகனாமிக் வித் தி ட்ரூத்’ என்று எழுதினால் அந்தத் தொடரே செத்துவிடும்.

இதில் ஒரு வளைவும் இருக்கிறது. எகனாமிக்குக்கு ‘லாபம் தரும், கட்டுபடியாகும்’ என்ற பொருளும் உண்டு. சுரங்கத்தில் தாது இருக்கிறது, ஆனால் தோண்டும் செலவு விற்பனை விலையைவிட அதிகம் என்றால், அதைத் தோண்டுவது எகனாமிக் இல்லை, ‘அன்எகனாமிக்’. அதே சுரங்கத்தில் மின்சாரம் தேவைக்குமேல் செலவாகும் பழைய இயந்திரம் ஒன்று ஓடினால் அது ‘அன்எகனாமிக்கல்’. முதலாவது கட்டுபடியாகாதது, இரண்டாவது வீண்செலவு. கணக்கு, வணிகம் தொடர்பாக எழுதுபவர்கள் இந்த இரண்டையும் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், விமானத்தில் ‘எகனாமி கிளாஸ்’ என்று இருக்கிறதே என்று கேட்கலாம். அது முன்பு பார்த்த பெயர்ச்சொல் விவகாரம். ‘எகனாமி’ என்ற பெயர்ச்சொல்லே முன்னால் நின்று ‘குறைந்த விலை’ என்ற வேலையைச் செய்கிறது. பெயரடை அங்கே வரவே இல்லை.

கிளாசிக், கிளாசிக்கல்

மறுபடியும் ‘இக்’ தன்மைப் பக்கம். கிளாசிக் என்பது ‘காலம் கடந்து நிற்கும் தரமுள்ள’ அல்லது ‘அந்த வகைக்கே எடுத்துக்காட்டான’. எல்லோரும் செய்யும், பாடப்புத்தகத்தில் போடத் தகுந்த தவறு ‘கிளாசிக் மிஸ்டேக்’. ஒரு நோய்க்கென்று எதிர்பார்க்கும் அடையாளங்கள் அப்படியே தெரிந்தால் மருத்துவர் ‘கிளாசிக் சிம்ப்டம்ஸ்’ என்பார். இங்கே பாராட்டு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கிளாசிக்கல் என்பது வகை, அதுவும் துறைக்குத் துறை வேறு வகை. இலக்கியத்தில் பழைய கிரேக்க, லத்தீன் மரபு. மொழியில் ‘கிளாசிக்கல் லாங்க்வேஜ்’ என்றால் செம்மொழி. ‘கிளாசிக் லாங்க்வேஜ்’ என்று எழுதுவது தவறு. இசையில் மரபிசை. ஐரோப்பிய இசை வரலாறு எழுதுபவர் ‘கிளாசிக்கல் பீரியட்’ என்றால் சுமார் 1750 முதல் 1820 வரையிலான காலத்தை மட்டும் குறிப்பார். இயற்பியலில் குவாண்டம் கொள்கைக்கு முன் நியூட்டன் வழியில் வளர்ந்த இயக்கவியல் ‘கிளாசிக்கல் மெக்கானிக்ஸ்’. ஆகவே ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் கிளாசிக், கிளாசிக்கல் அல்ல. பழைய கிரேக்கக் காப்பியமான ஹோமரின் இலியட் இரண்டும்.

இதற்குள்ளும் ஒரு முரண் உண்டு. பல்கலைக்கழகங்களில் கிரேக்கமும் லத்தீனும் கற்பிக்கும் துறைக்குப் பெயர் ‘கிளாசிக்ஸ்’. பொருள் கிளாசிக்கலின் பொருள், வடிவம் மட்டும் கிளாசிக்கின் வடிவம். பெயர்ச்சொல்லாக நிற்கத் தெரிந்தது கிளாசிக்தான் என்பதால் இப்படி ஆகிவிட்டது.

‘மிகவும்’ உதவாத இடம்: எலக்ட்ரிக், எலக்ட்ரிக்கல்

இரண்டுமே வகை சொல்பவை, எதன்மேலும் ‘மிகவும்’ ஏறாது. தமிழில் இரண்டுக்கும் ‘மின்’ ஒன்றே. இங்கே அடுத்து வரும் பெயர்ச்சொல்லைத்தான் பார்க்க வேண்டும்.

பெயர் சொல்லிக் காட்டக்கூடிய ஒரு பொருள், மின்சாரத்தால் ஓடுவது என்றால் எலக்ட்ரிக்: எலக்ட்ரிக் கார், எலக்ட்ரிக் கிடார், எலக்ட்ரிக் ஃபேன். மின்சாரத்தின் நேரடி நிகழ்வுகளுக்கும் அதுவே: எலக்ட்ரிக் கரன்ட், எலக்ட்ரிக் ஷாக், எலக்ட்ரிக் ஃபீல்ட். தொழில், துறை, அமைப்பு, பொதுவகை என்றால் எலக்ட்ரிக்கல்: எலக்ட்ரிக்கல் என்ஜினியரிங், எலக்ட்ரிக்கல் வயரிங், எலக்ட்ரிக்கல் ஃபால்ட், எலக்ட்ரிக்கல் அப்ளையன்சஸ். ஒரு விசிறி எலக்ட்ரிக், கடையில் அது இருக்கும் பிரிவு எலக்ட்ரிக்கல். அமெரிக்காவில் 1884இல் தொடங்கிய பொறியாளர் சங்கமும், 1963இல் அது இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து உருவான அமைப்பும் ‘எலக்ட்ரிக்கல்’ என்றே பெயரில் வைத்துக்கொண்டன. ‘எலக்ட்ரிக் என்ஜினியர்’ என்று எழுதினால், மின்சாரத்தால் ஓடும் பொறியாளர் என்று ஆகிவிடும்.

உருவகமாக வரும்போது மட்டும் எலக்ட்ரிக் தன்மைப் பக்கம் தாவும். அரங்கமே அதிர்ந்தது என்பதற்கு ‘தி அட்மாஸ்ஃபியர் வாஸ் எலக்ட்ரிக்’ என்பார்கள். அங்கே எலக்ட்ரிக்கல் வரவே வராது.

மற்ற ஜோடிகள், சுருக்கமாக

காமிக் என்பது நகைச்சுவை என்ற வகை: காமிக் ஆக்டர், காமிக் ஆபரா. காமிக்கல் என்பது பார்த்தாலே சிரிப்பு வரும் தன்மை. ஒரு நடிகரைக் காமிக்கல் என்றால் அவர் கோபித்துக்கொள்ளக்கூடும். மேஜிக் வாண்ட், மேஜிக் ட்ரிக் என்று மந்திரத்தின் கருவிகளுக்கு மேஜிக். மயக்கும் மாலைப்பொழுதுக்கு மேஜிக்கல். கிராஃபிக் என்பது படம், வடிவமைப்பு சார்ந்தது. செய்தியில் வந்தால் ‘கோரத்தை மறைக்காமல் காட்டும்’ என்றும் பொருள். கணினித் திரையில் படங்கள் வழியாக இயக்கும் முகப்பு கிராஃபிக்கல். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு ஆப்டிக் நர்வ், கண்ணை ஏமாற்றும் தோற்றம் ஆப்டிக்கல் இல்யூஷன். மெண்டலீவ் 1869இல் வெளியிட்ட தனிம அட்டவணை பீரியாடிக் டேபிள். பீரியாடிக்கல் என்றால் முதலில் மனதில் வருவது பருவ இதழ்.

பாலிட்டிக் என்ற சொல்லை மட்டும் தொடக்கத்தில் தொடாமல் இருப்பது நல்லது. அதற்கு ‘சமயோசிதமான’ என்று பொருள், அரசியலோடு தொடர்பு அறுந்துவிட்டது. உச்சரிப்பும் வேறு: பாலிட்டிக்கில் முதல் அசையிலும், பொலிட்டிக்கலில் இரண்டாம் அசையிலும் அழுத்தம் விழும். மற்ற ஜோடிகள் பெரும்பாலானவற்றில் அழுத்தம் இடம் மாறாது, ‘இக்’குக்கு முந்தைய அசையில்தான் நிற்கும்.

எதை எழுதினாலும் சரி என்றால்

ஜியோகிராஃபிக், ஜியோகிராஃபிக்கல் இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு கிடையாது. லண்டனில் 1830இல் தொடங்கிய சங்கம் ‘ஜியோகிராஃபிக்கல்’ என்று பெயர் வைத்துக்கொண்டது, வாஷிங்டனில் 1888இல் தொடங்கியது ‘ஜியோகிராஃபிக்’ என்று வைத்துக்கொண்டது. ஐரானிக், ஐரானிக்கல் என்பதும் ப்ராப்ளமாட்டிக், ப்ராப்ளமாட்டிக்கல் என்பதும் அப்படியே. இல்லாத வேறுபாட்டைத் தேடி மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இன்று குட்டையான வடிவமே ஐரானிக்கிலும் ப்ராப்ளமாட்டிக்கிலும் அதிகம் வழங்குகிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். வடிவம் மாறினால் பொருளும் மாறியிருக்கிறதோ என்று படிப்பவர் தயங்குவார்.

சந்தேகம் தீரவில்லை என்றால் எங்கே பார்ப்பது

அகராதியின் பொருள் விளக்கத்தைவிட அதன் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இங்கே அதிகம் உதவும். ஆங்கிலம் கற்பவர்களுக்கென்று எழுதப்பட்ட அகராதிகளில் அவை நிறைய இருக்கும். மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டிவைத்த பெரிய சொல்தொகுப்புகளும் உள்ளன: பிரிட்டிஷ் தேசியத் தொகுப்பில் 10 கோடிச் சொற்கள், தற்கால அமெரிக்க ஆங்கிலத் தொகுப்பில் 100 கோடிக்கும் மேல். அவற்றில் சொல்லைக் கொடுத்தால், அடுத்து எந்தப் பெயர்ச்சொற்கள் வருகின்றன என்று பட்டியல் கிடைக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

இன்னும் எளிய வழி, கூகுள் என்கிராம் வியூவர். இரண்டு முழுத் தொடர்களையும் நடுவில் காற்புள்ளி வைத்துத் தட்டுங்கள். அச்சான புத்தகங்களில் எந்தத் தொடர் எவ்வளவு வழங்கியது என்று ஆண்டுவாரியாகக் கோடு வரையும். தனிச்சொல்லை மட்டும் கொடுத்தால் பயனில்லை. எகனாமிக் எகனாமிக்கலைவிடப் பல மடங்கு அதிகமாக வரும், அதனால் ‘எகனாமிக் கார்’ சரி என்று ஆகிவிடாது. நோட்டில் எழுதிவைக்கும்போதும் அப்படித்தான்: சொல்லை எழுதாமல் தொடரை எழுதுங்கள். ஜோடிக்கு இரண்டு தொடர் போதும்.

வினையடைக்கு வரும்போது

இவ்வளவு பிரித்த பிறகு, வினையடையில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஹிஸ்டாரிக்கிலிருந்து வந்தாலும் ஹிஸ்டாரிக்கலிலிருந்து வந்தாலும் ஹிஸ்டாரிக்கலி ஒன்றுதான். எகனாமிக்கலி என்றால் ‘பொருளாதார ரீதியாக’ என்றும் இருக்கலாம், ‘சிக்கனமாக’ என்றும் இருக்கலாம். ‘எகனாமிக்கலி இம்பார்ட்டன்ட்’ என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் ஒரு நகரம் ‘எகனாமிக்கலி’ நடத்தப்படுகிறது என்று எழுதினால் எந்தப் பொருள் என்று தெரியாது. அங்கே வினையடையை விட்டுவிட்டு, ‘குறைந்த செலவில்’ என்ற பொருள்தரும் தொடரை எழுதுங்கள்.

எழுத்துப்பிழை அதிகம் வருவதும் இங்கேதான். பேச்சில் ‘பேசிக்லி’, ‘ஹிஸ்டாரிக்லி’ என்றுதான் காதில் விழும், நடுவிலுள்ள ‘அல்’ கேட்காது. எழுத்தில் அது இருந்தே ஆக வேண்டும். ‘பேசிக்கல்’ என்ற பெயரடை இல்லை என்றாலும் ‘பேசிக்கலி’ என்றே எழுத வேண்டும். சயின்டிஃபிக்கலி, ஆர்டிஸ்டிக்கலி, டிராஸ்டிக்கலி எல்லாம் அப்படித்தான். அன்றாடம் எழுதும் சொற்களில் நினைவில் வைக்க வேண்டிய ஒரே விலக்கு பப்ளிக்: அதற்கு மட்டும் ‘அல்’ சேர்க்காமல் ‘பப்ளிக்லி’ என்று எழுத வேண்டும்.